சமயபுரத்துக்குப் போன முடிச்சு

தாயுமானவன் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்து ஃப்ளாட்டின் வாசல் சுவரை அளந்துகொண்டிருந்ததைப் போன வாரம் பார்த்தோம். பலகையில் இரண்டு வரிகள். 'லெப்டினன்ட் தா. தமிழ்மணி, இராணுவ நர்சிங் சர்வீஸ்' என்பது முதல் வரி. 'த/பெ எஸ். தாயுமானவன், ஃபோர்மேன் (ஓய்வு)' என்பது இரண்டாவது. இரண்டாவது வரியின் எழுத்து முதல் வரியைவிட ஒரு சுற்று பெரியது.

மற்றபடி பலகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லெப்டினன்ட் ஆகப்போகிறவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் தமிழ்மணி சம்மதப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அடுத்த மாதம் பஞ்சாப் எல்லையோரத்திலுள்ள பத்தான்கோட் இராணுவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரவேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் ஒரு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், உடல் தகுதி எல்லாவற்றையும் தாண்டி வந்தவள், ஒரு பக்கப் படிவத்தின் முன்னால் பத்து நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "அம்மாவ நெனச்சாதான் யோசனையா இருக்கு."

காலை ஏழரை மணி. தாயுமானவன் சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்தார். இன்னொரு கையில் போன், மறுமுனையில் ஃப்ளெக்ஸ் கடைப் பையன்.

"பிரவீன்ராஜ், ஃப்ளெக்ஸ்ல என் படம் வலது பக்கம் மேல வரட்டும்ப்பா. பொண்ணு படம் கீழ... சின்னதா இருந்தா என்ன, யூனிஃபார்ம் இல்லாம பெருசா போட்டு என்ன பண்றது? என் படம் கைலாசபுரம் டவுன்ஷிப்ல, நான் ரிட்டையர் ஆன பிரிவு உபசார விழாவுல எடுத்தது. மாலையோட இருக்கும். அதையே போடு."

மலைக்கோட்டையில் குடியிருக்கும் தாயுமானவரைத் திருச்சியின் முதல் நர்ஸ் என்று தாராளமாகச் சொல்லலாம். காவிரியில் வெள்ளம். பெற்றவள் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். பிள்ளைவலியில் துடித்த பெண்ணுக்குத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தவர் சாமி. அவர் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர், தமிழ்மணி பிறந்த அன்று பிரசவ அறை வாசலில் மயங்கி விழுந்தார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் மனைவி சகுந்தலாவுக்கு ஒரு படுக்கை, அவருக்கு ஒரு படுக்கை.

இன்று அவர் கிளம்பிக்கொண்டிருந்தது சமயபுரத்துக்கு. மகள் தேர்வானால் மொட்டை போடுவதாக மாரியம்மனிடம் வேண்டியிருந்தார். மாதம் இருமுறை தவறாமல் கறுப்பாக்கப்படும் முடி அது. அவரைப் பொறுத்தவரை இது சின்னத் தியாகம் அல்ல. எழுத்துத் தேர்வு நாளன்றே மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாய் நாணயத்தை முடிந்து, பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். வேண்டுதல் பலித்ததும் அந்த முடிச்சைக் கொண்டுபோய் உண்டியலில் போடவேண்டும். அதுவரை அம்மனுக்கும் அவருக்கும் அதுதான் ஒப்பந்தப் பத்திரம். முடிந்த கையோடு அதைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார்.

"சகுந்தலா, அந்த முடிச்ச எடு. நேரமாச்சு."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சகுந்தலா ஒரு கையால் அடுப்பை அணைத்தாள். ஓடிப்போய் அலமாரியில் கையைவிட்டு மஞ்சளாகத் தட்டுப்பட்டதை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மாலை பச்சைக் கலர்ல வந்துரப்போவுது, பாத்துக்க" என்று பிரவீன்ராஜுக்கு எச்சரிக்கை விடுத்தபடி படியிறங்கினார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கரைந்தது.

பொங்கிய பாலைத் துடைத்துவிட்டு, விளக்கேற்ற அலமாரிப் பக்கம் வந்த சகுந்தலா அப்படியே நின்றாள்.

அம்மன் படத்தின் முன்னால் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது.

தட்டையாக, சதுரமாக, கத்தி வைத்தாலும் அவிழாத மாதிரி ஒரு முடிச்சு. தொழிற்சாலையில் பாய்லர் பாகங்களைக் கிரேனில் கட்டித் தூக்கும் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் போட்ட முடிச்சு. தேங்காய் மூட்டையிலிருந்து பூஜைப் பை வரை அவர் கட்டிய எதையும் சகுந்தலா இதுவரை கையால் அவிழ்த்ததில்லை, அரிவாள்மனையில்தான் அறுத்திருக்கிறாள். சந்தேகமே இல்லை. இது அவருடையது.

அப்படியானால் அவர் சட்டைப் பையில் போனது?

அது சகுந்தலாவுடையது. குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஐந்து மாதமாக ஒளித்துவைத்திருந்தது. சனிக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது சிமிழை நகர்த்தி வைத்தவளும் அவள்தான்.

அதே எழுத்துத் தேர்வு நாளில், அதே சமயபுரத்தாளிடம், அவளும் ஒன்று வேண்டியிருந்தாள். மகள் தேர்வாகக் கூடாது, தேர்வானாலும் போகக் கூடாது. நடந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் தாயே.

ஒரே வீட்டிலிருந்து ஒரே அலமாரி வழியாக நேர் எதிராக இரண்டு மனு. அம்மன் எதைக் கையில் எடுப்பாள்? இப்போது இவளுடைய முடிச்சு, பலித்த வேண்டுதலாக, அவர் கையாலேயே உண்டியலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பலித்தது என்று கொண்டுபோய்ப் போட்ட பிறகு பலிக்காமல் இருக்குமா?

போன் செய்தாள். "வாடிக்கையாளர் மற்றொரு அழைப்பில் இருக்கிறார்" என்றது. பிரவீன்ராஜாகத்தான் இருக்கவேண்டும். மறுபடி செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாலும் என்ன சொல்வது? 'முடிச்சை உண்டியலில் போடாதீர்கள்' என்றால் 'ஏன்' என்று கேட்பார். யார் பேச்சையும் காதில் வாங்காத மனிதர் நின்று கேட்கும் ஒரே கேள்வியாக அது இருந்துவிட்டால்?

சகுந்தலா புடவையை மாற்றிக்கொண்டு, மகளைத் தேடிப் புத்தூருக்கு டவுன் பஸ் ஏறினாள்.

டயாலிசிஸ் பிரிவில் பத்து இயந்திரங்களும் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான்காவது படுக்கைப் பெரியவரின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்த தமிழ்மணியின் பக்கத்தில் வந்து நின்றாள் கமர் ஜஹான். கல்லூரியிலிருந்து சேர்ந்தே படித்தவள். இராணுவ நர்சிங் தேர்வு இருப்பதையே தமிழ்மணிக்குச் சொன்னவள். இரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டவளும் அவள்தான்.

"ஒங்கம்மா வந்திருக்காங்க. வாசல்ல வாட்ச்மேன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

"எதுக்கு மன்னிப்பு?"

"அது அவருக்கே தெரியல. போ, நான் பாத்துக்கறேன்." கமர் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டாள். "ஃபார்ம அனுப்பிட்டியா?"

"அம்மாவ நெனச்சாதான்..."

"பத்து நாளா இதையே சொல்ற. போகப் பிடிக்கலேன்னா சொல்லு. ஆனா போகப் பிடிக்காதவ அதே பேப்பர எங்க வீட்டு ஸ்கேனர்ல மூணு தடவ ஸ்கேன் பண்ணமாட்டா. கையெழுத்து கோணலா இருக்குன்னு நாலாவதா வேற பிரிண்ட் எடுத்த." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தமிழ்மணிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

கேன்டீனில் சகுந்தலா இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்திருந்தாள். ஆறி ஆடை படிந்துவிட்டது.

"அம்மா, என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காரு." சகுந்தலா நிமிரவில்லை. "நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டி."

சொன்னாள். முடிச்சு, குங்குமச் சிமிழ், பொங்கிய பால், எல்லாவற்றையும் தலைகீழான வரிசையில். தமிழ்மணி இரண்டு தடவை குறுக்கே கேட்டுத்தான் புரிந்துகொண்டாள்.

"நான் ஃபெயிலாகணும்னு வேண்டினியா?"

பக்கத்து மேசைகளில் சட்டென்று பேச்சு நின்றது. சகுந்தலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா பேசுடி."

"எல்லையில குண்டு விழும்னு பயந்தியாம்மா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நான் போறது ஆஸ்பத்திரிக்கு. இங்க பாக்குற அதே வேலைதான்."

"அது எனக்குத் தெரியாதா? குண்டுன்னு பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்ககிட்ட சொல்லிவச்சேன். சொன்னா உச்சுக்கொட்டுறாங்க. நெசத்தச் சொன்னா சிரிப்பாங்க." அவள் கிளாஸை நகர்த்தி வைத்தாள். "நான் பயந்தது ஒங்கப்பாவுக்கு."

"அப்பாவுக்கா? அவரு என்ன பண்ணினாரு?"

"ஒண்ணும் பண்ணல. அந்த மாதிரி மனுஷன் இல்ல. பேசுவாரு." சகுந்தலா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஷிஃப்டு இருந்த வரைக்கும் தெரியல. வருவாரு, சாப்புடுவாரு, தூங்குவாரு. பாதி நாளு நான் முழிச்சிருந்தா அவரு தூங்குவாரு, அவரு முழிச்சிருந்தா நான் தூங்குவேன். ரிட்டையர் ஆனப்புறம்தான் எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிப்பாரு. பாய்லரு, யூனியன் எலெக்ஷன், ஜெனரல் மேனேஜர் அவரு தோள்ல கை போட்டது. நான் தலைவலிக்குதுங்கன்னு சொன்னா, 'தலைவலின்னதும் ஞாபகம் வருது'ன்னு இன்னொண்ணு ஆரம்பிப்பாரு."

தமிழ்மணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீ வீட்டுக்கு வந்தா, 'அப்பா, அம்மா என்னமோ சொல்றாங்க, கேளுங்க'ம்ப. அப்பதான் அவரு நிறுத்துவாரு. நீ டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் கடிகாரத்த பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீயும் போயிட்டா..." அவள் முடிக்கவில்லை. "அதுக்குன்னு பெத்த பொண்ணு தோக்கணும்னு அம்மன்கிட்ட போய் நின்னேன் பாரு. நான்லாம் ஒரு அம்மாவா?"

தமிழ்மணிக்கு அம்மாவின் கையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. இராத்திரி ஷிஃப்டு முடித்துவிட்டுக் கண் எரிய எரியப் படித்தது, டெல்லிக் குளிரில் நேர்முகத்துக்கு நின்றது, எல்லாவற்றுக்கும் எதிராக வீட்டிலேயே ஒரு மஞ்சள் துணி காத்திருந்ததா?

கோபத்தில் இருந்தவளுக்குப் பாதியில் ஒன்று உறைத்தது. போக விருப்பமில்லாதவளுக்கு இவ்வளவு கோபம் எதற்கு?

பத்து நாளாக அம்மாவை முன்னால் நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். இப்போது அம்மாவே விலகி நின்றுவிட்டாள். அங்கே இருந்தது போகவேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அதுவும் நாட்டுக்காக இல்லை. நேர்முகத்தில் 'ஏன் இராணுவம்' என்று கேட்டபோது சேவை, ஒழுங்கு, பெருமை என்று மனப்பாடமாகச் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். பத்தான்கோட், திருச்சியிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். அப்பாவின் குரல் அங்கே கேட்காது. அம்மாவின் கடிகாரமும் அங்கே தெரியாது.

அம்மாவும் பெண்ணும் ஒரே ஆளிடமிருந்துதான் ஓடப்பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்கு அரசாங்கம் டிக்கெட் கொடுத்துவிட்டது.

அப்போது இருவர் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றன. குடும்ப வாட்ஸாப் குழு. பளபளக்கும் மொட்டை, சந்தனம், அகலமான சிரிப்பு. கீழே: 'வேண்டுதல் நிறைவேறியது. ஜெய் ஹிந்த்.'

சகுந்தலா போனைக் கவிழ்த்து வைத்தாள். "உண்டியல்ல போட்டாரான்னு கேளுடி."

"எப்படிம்மா கேக்கறது?"

யாரும் கேட்கவில்லை. தமிழ்மணி கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்றை அனுப்பினாள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு பஸ்ஸில் திரும்பினாள். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. "என்னை நெனச்சு நிக்காத. போயிடு" என்றாள் சகுந்தலா ஜன்னல் பக்கம் பார்த்தபடி. அந்த வார்த்தைக்காகத்தான் பத்து நாளாகக் காத்திருந்தோம் என்று தமிழ்மணி நினைத்திருந்தாள். வந்தபோது அதை வாங்கிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

நான்கரை மணிக்குத் தாயுமானவன் வீட்டுக்குள் வந்தார். முடி போனதும் ஆளே பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது. காது இரண்டும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தன. பிரசாதப் பையை மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்த மஞ்சள் முடிச்சை அதன் பக்கத்தில் வைத்தார்.

சகுந்தலா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போடலியா?" என்று கேட்டது தமிழ்மணி.

"எப்படிப் போடறது?" அவர் உட்கார்ந்தார். "மொட்டை போட்டு, குளிச்சு, ஒன்றரை மணி நேரம் க்யூவுல நின்னேன். உண்டியல்கிட்ட போய்க் கையில எடுத்தா, என் முடிச்சே இல்ல. நான் போட்டது இப்படியா சுருண்டு நிக்கும்? லூஸா, நுனி வெளிய தொங்கிக்கிட்டு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது ஒங்கம்மா போட்டது."

வழக்கமாக இந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் யூனியன் தேர்தல் கதைக்குப் போய்விடுவார். இன்று போகவில்லை.

"அங்கயே ஓரமா உக்காந்துட்டேன் மணி. நான் முடிஞ்சத ஊருக்கே போட்டோ எடுத்து அனுப்பினேன். இவ ஒரு வார்த்த சொல்லாம, அதே அலமாரியில, ஒனக்காக முடிஞ்சுவச்சிருக்கா. எனக்குக்கூடத் தெரியாம." அவர் சகுந்தலாவை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஒன் வேண்டுதல நான் எப்படிப் போடறது? அது ஒன் கையாலதான போடணும்? அதான் திருப்பிக் கொண்டாந்தேன். வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். ரெண்டையும் சேத்துப் போட்டுட்டு வருவோம். என்ன?"

"ம்" என்றாள் சகுந்தலா.

முப்பது வருடத்தில் அவர் அவளைக் கேட்டு ஒரு நாள் குறித்தது இதுதான் முதல் தடவை. வேறு எந்தக் காரியத்துக்காகவாவது இருந்திருக்கக் கூடாதா?

தமிழ்மணி எழுந்து உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். இன்னும் ஒரு நிமிடம் அந்த ஹாலில் நின்றால் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாமல் போனால் அதை அம்மா ஒருத்தியே வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். கோணலில்லாத கையெழுத்துள்ள நான்காவது பிரதியைத் தேடி எடுத்து இணைத்தாள். மணி நான்கு ஐம்பத்திரண்டு. அனுப்பினாள்.

"அப்பா, அனுப்பிட்டேன்."

ஹாலில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. மொட்டைத் தலையோடு விறைப்பாக நின்று அவர் ஒரு சல்யூட் வைத்தார். பிறகு, "இரு, மூஞ்ச கழுவிட்டு வரேன், ஒரு போட்டோ எடுத்துருவோம்" என்று பாத்ரூம் பக்கம் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

சமையலறையில் சகுந்தலா காபிக்குப் பால் வைத்திருந்தாள். தமிழ்மணி பின்னால் போய் நின்றாள். "அனுப்பிட்டேம்மா" என்றாள் மறுபடியும், இவளுக்குத் தனியாகச் சொல்வதுபோல.

"கேட்டுச்சு. நல்லது." சகுந்தலா பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பொங்க விடக்கூடாது என்பதுபோல. வெகுநேரம் கழித்து, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிக் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"ஏன்டி, அங்க குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கல்ல? அதுல கூட ஒரு ஆள் தங்கிக்க விடுவாங்களா? சும்மா ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நான் பாட்டுக்கு ஒரு மூலையில கெடப்பேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே கெளம்ப முடிஞ்சா தேவல. அந்த முடிச்ச அவரு பக்கத்துல நின்னு, பலிச்சிருச்சுன்னு போட என்னால முடியாது மணி. நான் அத ஒனக்காக முடியல, அவரோட தனியா இருக்கப் பயந்து முடிஞ்சது..."

தமிழ்மணி அம்மாவின் தோளைத் தொட்டாள். அழுத்தித் தொட்டாள். சகுந்தலா திரும்பினாள்.

தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

சமையலறை வாசலில் தாயுமானவன் நின்றிருந்தார். மொட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. இரண்டு முடிச்சுகளையும் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்க வந்திருக்க வேண்டும். இரண்டும் அவர் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று சதுரமாக இறுகியது. ஒன்று நுனி தொங்கியது.

ஹாலில் அவருடைய போன் அடித்தது. தேசபக்திப் பாட்டு ரிங்டோன். ஃப்ளெக்ஸ் ரெடியாகியிருக்கும், பிரவீன்ராஜ்தான் கூப்பிடுவான்.

அது முழுப்பாட்டும் பாடி முடித்து ஓய்ந்தது. மறுபடி ஆரம்பித்தது. தாயுமானவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சகுந்தலாவையே பார்த்துக்கொண்டு நின்றார், அவள் இன்னும் ஏதோ சொல்ல மீதி இருப்பதுபோல.